ஆச்சியின் நாற்காலி: பதினான்கு மாதத் தசைத் தளர்வுப் பயிற்சி

எனக்கு 69 வயது, வீடு செங்கோட்டையில். மகனுக்கு வேலை புனலூரில். தென்மலை, ஆரியங்காவு, புளியரை என்று மலை தாண்டித்தான் வர வேண்டும். சாரல் காலத்தில் அரை மணி நேரம் பிந்தினால் போதும், எனக்கு நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், தொண்டை அடைக்கும். அவன் வந்து சாப்பிட்டுப் படுத்த பிறகும் எனக்குத் தூக்கம் வராது.

டாக்டர் முதலில் ஈசிஜியும் தைராய்டும் பார்த்தார். இரண்டிலும் குறையில்லை, இது பதற்ற நோய் என்றார். தூக்க மாத்திரை கேட்டேன். இந்த வயதில் அது தள்ளாட்டம் தரும், கீழே விழுந்தால் இடுப்பெலும்பு போகும் என்று சொல்லி, தசைத் தளர்வுப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன்பு வகுத்த முறை. ஒரு தசையை 5 முதல் 7 விநாடி இறுக்கி, சட்டென்று விட்டுவிட்டு, அரை நிமிடம் அந்தத் தளர்ச்சியைக் கவனிக்க வேண்டும். கை, தோள், முகம், வயிறு, கால் என்று வரிசையாக 20 நிமிடம்.

முதல் இரண்டு வாரம் மோசம். போனில் கிடைத்த ஒலிப்பதிவு என் வேகத்துக்கு ஒத்து வரவில்லை. கண்ணை மூடினால் நெஞ்சுத் துடிப்பு காதிலேயே கேட்டு, பயம் கூடியது. சிலருக்கு அப்படி ஆகும், கண்ணைத் திறந்தபடி கைக்கு மட்டும் 5 நிமிடம் செய்யுங்கள் என்றார் டாக்டர். அப்புறம் பேத்தி தன் குரலிலேயே நிதானமாகப் பதிவு செய்து கொடுத்தாள். "வலது கையை இறுக்க மூடுங்க ஆச்சி... இப்போ விடுங்க." பின்னால் குக்கர் விசில் கூடக் கேட்கும். எனக்கு அந்தக் குரல்தான் பிடி கொடுத்தது.

உடம்புக்குத் தக்கபடி சில மாற்றங்கள் செய்தேன். படுத்துக்கொண்டு செய்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, அதனால் கைப்பிடி வைத்த நாற்காலி. வலது முழங்கால் தேய்மானம், அந்தக் காலை இறுக்குவதே இல்லை. பிரஷர் இருப்பதால் மூச்சை அடக்குவதில்லை. முடிந்ததும் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்துதான் எழுவேன், இல்லாவிட்டால் தலை சுற்றும்.

இரண்டாம் மாதம் ஒரு சாயங்காலம் வாசலில் மகனுக்காக நின்றிருந்தேன். தோள் இரண்டும் காதுவரை ஏறி நிற்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. இறக்கினேன். படபடப்பு வந்தது, ஆனால் தொண்டை வரை ஏறவில்லை. எத்தனை வருடமாக அந்தத் தோளைத் தூக்கிக்கொண்டே நின்றேனோ! இப்போது கை, முகம், தோளும் வயிறும், கால் என்று நாலே பகுதியாகச் செய்கிறேன். மூச்சு விடும்போது மனசுக்குள் 'சரி' என்கிறேன். பழகிய உடம்பு அந்தச் சொல்லுக்கே தளர்கிறது.

கவலை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கல்யாண அலைச்சலில் பத்து நாள் விட்டபோது பழைய தூக்கமின்மை திரும்பியது. நடுராத்திரியில் பதற்றம் உச்சிக்கு ஏறிவிட்டால் இது உதவுவதில்லை. எழுந்து வெந்நீர் குடித்து, கூடத்தில் நடக்கிறேன். பிரஷர் மாத்திரையும் குறையவில்லை, அதே அளவுதான். ஏற்கெனவே பதற்றத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், பயிற்சி கைவந்தது என்று தாங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது 8 நிமிடத்தில் முடிகிற புதுப் பதிவு ஒன்று கேட்டிருக்கிறேன். பரீட்சை முடிந்ததும் செய்து தருவதாகப் பேத்தி சொல்லியிருக்கிறாள்.