லேஸ் சால்வைக்கு நூல் வாங்குகிறீர்களா? முதலில் ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள்

மெரினோ கம்பளியும் பட்டும் கலந்த நூல் என்று சொல்லி எனக்கு விற்றது முழுக்க அக்ரிலிக் என்ற செயற்கை இழை. அது தெரிய வந்தபோது சால்வையை மூன்று மாதம் பின்னி முடித்திருந்தேன், தங்கையின் கல்யாணத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. விற்றவர் பெயரை இங்கே போடப்போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கிறபடி நடக்கட்டும். நூல் வாங்கப்போகிறவர்களுக்காக நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் இருப்பது குன்னூரில். தங்கைக்கு ஜனவரியில் கல்யாணம், வரவேற்பு ஊட்டியில், அதுவும் திறந்த புல்வெளியில். ஜனவரி ராத்திரியில் ஊட்டி எப்படி இருக்கும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, விடிந்தால் புல் மேல் உறைபனி கிடக்கும். பட்டுச்சேலைக்கு மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்க யாருக்கு மனசு வரும்? மெல்லிசாக, தந்த நிறத்தில் ஒரு லேஸ் சால்வை நானே பின்னிப் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தேன். ஸ்வெட்டரும் குல்லாயும் நிறையப் பின்னியிருக்கிறேன். லேஸ் இதுதான் முதல் தடவை.

லேஸுக்கு ஏற்ற மெல்லிய நூல் இங்கே கடைகளில் கிடைப்பது அபூர்வம். கிடைப்பதில் பெரும்பாலும் ‘கேஷ்மிலான்’தான். பெயரைக் கேட்டால் கேஷ்மீர் கம்பளிக்குச் சொந்தம் மாதிரி இருக்கும், ஆனால் அது அக்ரிலிக். அதைத் தெரிந்தே வாங்குவதில் தப்பில்லை, குழந்தைகளின் ஸ்வெட்டருக்கு நானும் வாங்குவேன். இந்தத் தடவை கம்பளிதான் வேண்டும் என்று இன்ஸ்டாவில் தேடியதில் ஒரு விற்பனையாளர் கிடைத்தார். 70 சதம் மெரினோ, 30 சதம் பட்டு, சிட்டம் ஒன்று 100 கிராம், 800 மீட்டர் என்று போட்டிருந்தார். இரண்டு சிட்டம் 1,900 ரூபாய். நான் வேறு இடங்களில் விசாரித்த விலையில் ஏறக்குறைய பாதி. அங்கேயே யோசித்திருக்க வேண்டும்.

என்னை விழவைத்தது அவர் போட்டிருந்த ஒரு வீடியோ. அந்த நூலில் பின்னிய சால்வையை ஒரு மோதிரத்துக்குள் விட்டு அந்தப் பக்கம் இழுத்துக் காட்டினார். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில், அன்ஸ்ட் என்ற இடத்தில் பின்னும் கல்யாண மோதிரச் சால்வைகளைப் பற்றி நான் ஏற்கெனவே படித்திருந்தேன். ரஷ்யாவின் ஓரன்பர்க் சால்வைகளுக்கும் அதே பேர் உண்டு. ‘ஒரிஜினல் ரிங் டெஸ்ட்’ என்று எழுதிவிட்டு மோதிரத்தைக் காட்டியதும் நான் மயங்கிவிட்டேன். இப்போது நிதானமாக யோசித்தால் சிரிப்பு வருகிறது. மோதிரத்துக்குள் நுழைந்தால் துணி மெல்லிசு என்றுதான் அர்த்தம். மெல்லிசாக நூற்ற நைலானும் நுழையும்.

பார்சல் வந்தது அக்டோபர் கடைசியில். சமையலறைத் தராசில் வைத்தேன். ஒன்று 88 கிராம், இன்னொன்று 86. போன் போட்டுக் கேட்டதும் அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. “மேடம், கம்பளி ஈரத்தை இழுக்கும். நாங்க எடை போடும்போது ஈரப்பதம் இருந்திருக்கும், வர்ற வழியில காய்ஞ்சிருக்கும்” என்றார். கம்பளி ஈரத்தை இழுப்பது உண்மை. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரம் ஏறினாலும் தொட்டால் நனைந்த மாதிரியே இருக்காது. பாதி உண்மை சொல்கிறவரிடம்தான் நாம் சீக்கிரம் ஏமாறுகிறோம். ஐப்பசி மழையில் குன்னூரில் உப்பு ஜாடியே கசிந்துகொண்டிருக்கும். அந்தக் காற்றில் நாலு நாள் கிடந்த கம்பளி கனம் ஏறியிருக்க வேண்டுமே, எப்படிக் குறையும்? இது எனக்கு உறைத்தது ஜனவரியில்.

சரி, பின்னத் தொடங்கினேன். டிசைன் ‘ஃபெதர் அண்ட் ஃபேன்’. பதினெட்டு கண்ணிக்கு ஒரு அலை. ஓரங்களில் இரண்டிரண்டாகச் சேர்த்துக் குறைத்துக்கொண்டு, நடுவில் நூலைச் சுற்றி ஓட்டை விட்டுக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நாலு வரிசையில் ஒன்றில்தான் இந்த வேலை, மற்ற மூன்றும் சாதாரண வரிசைகள். லேஸுக்குப் புதியவர்களுக்கு நல்ல டிசைன். 4 மில்லிமீட்டர் ஊசியில் 96 கண்ணி, கிட்டத்தட்ட 440 வரிசை. ஒரு கண்ணி நழுவினால் கீழே வரை ஓடிவிடும் என்று இருபது வரிசைக்கு ஒருமுறை வேறு நிற நூலைக் கண்ணிகளின் ஊடே கோத்து வைத்துக்கொண்டேன். அது என்னை இரண்டு தடவை காப்பாற்றியது. பின்னும்போதே நூல் ஊசியில் கீச்சென்று ஒட்டியது, சில நாள் ராத்திரி விரலில் சுள்ளென்று ஷாக் அடித்தது. பட்டு கலந்திருப்பதால் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

லேஸில் ஒரு சங்கடம் உண்டு, ஏமாற்றுபவருக்கு வசதியும் அதுதான். ஊசியிலிருந்து இறக்கும்போது எந்த லேஸும் கசங்கிய கந்தல் மாதிரிதான் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, மெத்தை மேல் இழுத்து விரித்துத் துருப்பிடிக்காத குண்டூசி குத்திக் காயவைத்தால்தான் ஓட்டைகள் திறந்து டிசைன் தெரியும். இதை ‘பிளாக்கிங்’ என்பார்கள். ஈரம் பட்டால் கம்பளி இழைக்குள் இருக்கும் பிணைப்புகள் விடுபட்டு, காயும்போது இழுத்து வைத்த நிலையில் மறுபடி பிடித்துக்கொள்ளும். அக்ரிலிக் தண்ணீரை உள்ளே விடுவதே இல்லை என்று சொல்லலாம். ஆக, நூல் எது என்ற உண்மை கடைசி நாளில்தான் வெளியே வருகிறது, அதற்குள் மொத்த உழைப்பும் போய்விட்டிருக்கும்.

தண்ணீரில் போட்டபோதே மனசு அடித்துக்கொண்டது. கம்பளி மெதுவாக நீர் குடித்து அமிழும், ஈரக் கம்பளிக்கென்று ஒரு வாசமும் வரும். இது பிளாஸ்டிக் பை மாதிரி மேலேயே மிதந்தது. இருந்தாலும் விரித்து, நூற்றுச் சொச்சம் குண்டூசி குத்தினேன். மறுநாள் ஊசிகளை எடுக்க எடுக்க ஓரம் சுருண்டு உள்ளே போனது. கடைசி ஊசியை எடுத்தபோது 180 சென்டிமீட்டர் சால்வை 140-க்கு வந்து நின்றது. ஓட்டைகள் எல்லாம் மூடிக்கொண்டன.

அம்மாதான் மீந்த நூலில் ஒரு முழம் வெட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். இடுக்கியில் பிடித்து நெருப்புக்குக் காட்டினாள். குப்பென்று பற்றி, உருகி, சொட்டி, நுனியில் கறுப்பாகக் கெட்டியான உருண்டையாக நின்றது. “என்ன கண்ணு இது, வாளி எரியற வாசம்ல வருது” என்றாள். பக்கத்திலேயே பாட்டியின் பழைய கம்பளி ஸ்வெட்டரிலிருந்து உருவிய இழையைக் கொளுத்தினாள். அது தயங்கித் தயங்கிக் கருகி, முடி தீய்ந்த வாசம் அடித்து, தானாகவே அணைந்தது. சாம்பலை விரலால் தேய்த்தால் தூள். பட்டும் இப்படித்தான் எரியும். கலப்பு நூலாக இருந்தால் முடி வாசமும் வரும், கெட்டி உருண்டையும் இருக்கும், அதனால் வாசத்தை மட்டும் நம்பாதீர்கள்.

நான் விடவில்லை. துணி வெளுக்கும் குளோரின் பிளீச்சை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, இரண்டு இழைகளையும் போட்டேன். கம்பளியும் பட்டும் அதில் கரைந்துவிடும். காலையில் பாட்டியின் இழையைக் காணோம். 1,900 ரூபாய் இழை அப்படியே கிடந்தது, இன்னும் வெள்ளையாக.

அப்புறம் ஆத்திரத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஆவி காட்டினால் அக்ரிலிக் விரிந்து நிற்கும் என்று இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். விரிந்தது உண்மைதான். ஆனால் சூடு அதிகமாகி நூலின் துள்ளல் செத்துப்போய், ஒரு பக்கம் பளபளவென்று பழைய கர்ச்சீப் மாதிரி துவண்டது. செத்தால் செத்ததுதான், எதைச் செய்தாலும் திரும்பி வராது. வரவேற்பில் குத்துவிளக்கு ஏற்றும் பொறுப்பு வேறு எனக்கு. அடுப்படியில் அது பற்றிய வேகத்தைப் பார்த்த பிறகு, தோளில் போட்டுக்கொண்டு விளக்கருகே குனிய எனக்குத் தைரியம் இல்லை. அம்மாவின் பழைய மெரூன் சால்வையோடு போனேன். போட்டோவில் பரவாயில்லாமல்தான் இருக்கிறது.

விற்றவரிடம் எரியும் வீடியோவை அனுப்பினேன். பின்னிய நூலைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று ஒரு வரி வந்தது, அத்தோடு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். அப்போதுதான் லேபிளைச் சரியாகப் பார்த்தேன். தயாரித்தவர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை எதுவுமே இல்லை. பாக்கெட் செய்து விற்கும் பொருளில் இவையெல்லாம் சட்டப்படி அச்சிட்டிருக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன். அது நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போனால் போதும். பணம் அனுப்பிய யுபிஐ ரசீதும் எடை போட்ட போட்டோவும் என்னிடம் இருக்கின்றன. பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை, நீங்கள் எடுத்து வையுங்கள்.

என் மேலும் தப்பு உண்டு. ஊசி அளவு பார்க்க உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாம்பிள் பின்னினேன், ஆனால் அதை நனைக்கவில்லை. நனைத்துக் குத்திக் காயவைத்திருந்தால் அக்டோபரிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும், செலவு ஒரு சாயங்காலம்தான்.

இன்னும் ஒரு சின்ன உருண்டை மீதி இருக்கிறது. குன்னூர் பக்கம் வந்தால் ஒரு முழம் வெட்டிக் கொளுத்திக் காட்டுகிறேன், டீயும் உண்டு.