அவசர அறுவை சிகிச்சையில் ரத்தக்கட்டியைத் தடுப்பது எது? ஹெப்பரினா, எனாக்ஸாபரினா, காற்றுப்பையா?

குடலில் ஓட்டை விழுந்தோ இடுப்பெலும்பு முறிந்தோ வருகிறவருக்கு, கத்தி படும் முன்பே ரத்தம் உறையும் வாய்ப்பு கூடிவிடுகிறது. அசையாமல் படுத்திருப்பது, நீர் வற்றிய உடம்பு, உள்ளே அழற்சி என எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. காலின் ஆழ்சிரையில் உருவாகும் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிரே போகலாம். நாள் குறித்துச் செய்யும் அறுவை என்றால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியின் நேரத்தை முன்கூட்டியே திட்டமிடலாம். அவசரத்தில் தியேட்டர் எப்போது கிடைக்கும் என்றே தெரியாது. ஒப்பீடு செய்யும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பழைய மருந்து ஹெப்பரின். அறுவை மருத்துவர் கக்கர் தலைமையில் பல நாடுகளில் நடந்து 1975இல் வெளியான ஆய்வில் 4,121 நோயாளிகள் இருந்தார்கள். நுரையீரலில் பெரிய கட்டி அடைத்து இறந்தவர்கள், ஊசி போடாத பக்கம் 16 பேர், போட்ட பக்கம் 2 பேர். 5,000 யூனிட், நாளுக்கு இரண்டு மூன்று முறை குத்த வேண்டும், அது தொல்லைதான். ஆனால் சில மணி நேரத்தில் வேகம் அடங்கிவிடும், புரோட்டமின் என்ற முறிமருந்து கொடுத்தால் முழுதாக முறிக்கலாம், சிறுநீரகம் பழுதானவருக்கும் கொடுக்கலாம்.

எனாக்ஸாபரின் அதே வகையில் பிறகு வந்த மருந்து. பொதுவாக 40 மில்லிகிராம், நாளுக்கு ஒரே ஊசி. ஹெப்பரினால் ரத்தத்தில் தட்டணுக்களின் (உறைய உதவும் அணுக்கள்) எண்ணிக்கை சரியும் சிக்கலும் இதில் குறைவு. வார்டில் இதுவே முதல் தேர்வாக இருப்பது நியாயம். ஆனால் சிறுநீரகம் சரியில்லை என்றால் உடம்பில் தேங்கும். புரோட்டமின் பாதி வேலைதான் செய்யும். முதுகில் ஊசி போட்டு மரக்க வைக்க வேண்டுமானால், இந்த மருந்து போட்டு 12 மணி நேரம் ஆக வேண்டும். ஹெப்பரினுக்கு 4 முதல் 6 மணி நேரம் போதும். அதனால் அறுவை நேரம் உறுதியாகாதவரை ஹெப்பரின், ரத்தக்கசிவு நின்று நிலைமை சீரானதும் எனாக்ஸாபரின் என்பதே என் கணிப்பு.

தலையில் அடிபட்டு ரத்தம் கசிகிறவருக்கு இரண்டும் உடனே ஆகாது. அப்போது காலில் கட்டி ஊதி ஊதி இறக்கும் காற்றுப்பை இயந்திரம்தான் கைகொடுக்கும். எக்ஸ்ரேக்குப் போகும்போது கழற்றியதைத் திரும்ப மாட்டாமல் விட்டுவிட்டால் பயனில்லை. கூட இருப்பவர்கள் இதைக் கவனித்து நர்சிடம் சொல்லுங்கள்.

இறுக்கக் காலுறையை மட்டும் நம்ப வேண்டாம். ஊசி போட்டவர்களுக்குக் காலுறையும் சேர்த்துப் பார்த்த 2020ஆம் ஆண்டு பிரிட்டன் ஆய்வில் கூடுதல் பலன் தெரியவில்லை. அது திட்டமிட்ட அறுவைகளில் நடந்தது என்றாலும், காலில் ரத்த ஓட்டம் குறைந்த சர்க்கரை நோயாளிக்குக் காலுறையால் புண் வரும் ஆபத்தும் இருக்கிறதே.

அப்புறம் ஆஸ்பிரின். எலும்பு முறிந்த 12,000க்கும் மேற்பட்டோரிடம் எனாக்ஸாபரினோடு ஒப்பிட்டு 2023இல் வெளியான ஆய்வில் இறப்பு ஏறக்குறைய சமம். கால்சிரைக் கட்டி மட்டும் ஆஸ்பிரின் பக்கம் சற்று அதிகம். விலை குறைவு, மாத்திரையாக விழுங்கலாம். ஆனால் இந்த முடிவை வயிற்று அறுவைக்கு நீட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

இடுப்பெலும்பு முறிவுக்கும் வயிற்றுப் புற்றுநோய் அறுவைக்கும் தடுப்பு மருந்து சுமார் 4 வாரம் தொடர வேண்டியிருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதா, வீட்டில் யார் ஊசி போடுவது என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.