இல்லாத சென்சாரைச் சுத்தம் செய்ததாகப் பில்: பெங்களூரு கார் உரிமையாளர்கள் கவனத்துக்கு

அல்சூருக்கு அருகே உள்ள ஓர் ஒர்க்‌ஷாப்பில் என் சிறிய பெட்ரோல் காரை வழக்கமான சர்வீஸுக்கு விட்டிருந்தேன். ஆயில், ஃபில்டர் செலவுக்கு மேல் ‘சென்சார் கிளீனிங்’ என்று ₹2,400 பில்லில் ஏறியிருந்தது. இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப் சென்சாரையும், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரையும் சுத்தம் செய்ததாக எழுதியிருந்தார்கள். என்னிடம் முன்கூட்டிச் சொல்லாமல் செய்த வேலை இது. விளக்கம் கேட்டபோது, பி.எஸ். 6 மாசு விதிப்படி தயாரான வண்டிகளுக்கு இது கட்டாயம் என்றார் மேற்பார்வையாளர். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அந்த விதி புகையில் வெளியேறும் மாசின் வரம்பைப் பற்றியது. சர்வீஸில் சென்சாரைக் கழுவும்படி அது எங்கும் சொல்லவில்லை.

சில நாட்களிலேயே டேஷ்போர்டில் இன்ஜின் கோளாறு விளக்கு எரிந்தது, மைலேஜும் குறைந்தது. அதே இடத்தில் காட்டியதற்கு, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.எம்-மையே மாற்ற வேண்டும் என்றார்கள். நான் வண்டியை ஜே.சி. ரோட்டில் உள்ள தமிழ் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஸ்கேனரில் பி0135 என்ற பிழைக் குறியீடு வந்தது. ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சுற்றில் கோளாறு என்பது அதன் பொருள். ஒயர் இணைப்பைக் கழற்றாமலே சென்சாரைத் திருகி எடுத்ததால் ஒயர் முறுக்கிக்கொண்டு உள்ளே அறுந்திருந்ததை அவர் பிரித்துக் காட்டினார். பிறகு பில்லைப் பார்த்துவிட்டு, “இந்த வண்டியில எம்.ஏ.எஃப் சென்சாரே கிடையாதுங்களே சார்” என்றார். சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில், இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவை மேனிஃபோல்டின் (காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுதி) அழுத்தத்தை அளக்கும் எம்.ஏ.பி சென்சாரைக் கொண்டே இ.சி.எம் கணக்கிடுகிறது. ஆக, இல்லாத பொருளுக்கும் என்னிடம் கூலி வாங்கியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் கோபமூட்டியது இதுதான்.

ஆக்சிஜன் சென்சார் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிய பிறகே சரியாக வேலை செய்யும். வண்டி ஓடும்போது அது இன்னும் அதிகமாகச் சூடேறுவதால் சாதாரணக் கரி பெரும்பாலும் தானே எரிந்துவிடும். பழுதானால் மாற்றுவதுதான் வழக்கமே தவிர, வழக்கமான சர்வீஸில் அதைக் கழற்றிக் கழுவ வேண்டியதில்லை. எம்.ஏ.எஃப் உள்ள வண்டிகளில் அதைச் சுத்தம் செய்வது பயனுள்ள வேலைதான், குறிப்பாகப் புழுதி மிகுந்த சாலைகளில் ஓடும் வண்டிகளுக்கு. ஆனால் அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை மட்டும் அடித்து, உள்ளேயிருக்கும் மெல்லிய சூட்டுக் கம்பியைத் துணியோ பிரஷோ தொடாமல், நன்றாகக் காயவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கார்புரேட்டர் கிளீனரை அடித்தால் கம்பியும் பிளாஸ்டிக்கும் கெடக்கூடும்.

எனவே சென்சார் கிளீனிங் என்று யாராவது சொன்னால், அது வண்டியில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். எந்த ஸ்ப்ரே என்று டப்பாவைப் பாருங்கள். வண்டியோடு வந்த கையேட்டின் சர்வீஸ் அட்டவணையில் அந்த வேலை இருக்கிறதா என்று பார்த்த பிறகே சம்மதம் கொடுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

புதிய சென்சார் மாட்டியதும் விளக்கு அணைந்துவிட்டது. பில், ஸ்கேன் அறிக்கை, அறுந்த ஒயரின் படம் ஆகியவற்றை வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்து, கிளீனிங், புதிய சென்சார் ஆகிய இரண்டு செலவுகளையும் திரும்பக் கேட்டிருக்கிறேன். ஒர்க்‌ஷாப் இன்னும் பதில் தரவில்லை.