உட்புறப் படங்களுக்கு எந்த லென்ஸ்? ஆறு வருட அனுபவம்

வீடு, அலுவலகம், ஹோட்டல் அறை என்று கட்டட உட்புறங்களை மட்டுமே படமெடுக்கத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. முதல் ஒன்றரை வருடம் என்னிடம் இருந்தது 14 மி.மீ.யில் தொடங்கும் ஒரு ஜூம் மட்டும்தான் (இந்த மி.மீ. எண் குறையக் குறைய லென்ஸ் அதிக அகலம் பார்க்கும்). எவ்வளவு சின்ன அறையானாலும் மூலையில் போய் நின்றால் முழுசாக அள்ளிவிடும், அதனால் இனி வேறெதுவும் வேண்டாம் என்றே இருந்தேன். ஒரு படுக்கையறையை எடுத்துக் கொடுத்தபோது அதை வடிவமைத்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, “இந்தக் கட்டில் ஏன் இவ்வளவு நீளமா இருக்கு?” என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் நானும் சரியாகப் பார்த்தேன். ஓரத்தில் இருந்த வட்ட ஸ்டூல் முட்டையாக இழுபட்டிருந்தது. எதிர்ச்சுவரில் அவர் பார்த்துப் பார்த்துச் செய்த மர அலமாரி எங்கோ தூரத்தில் சின்னதாகக் கிடந்தது.

இது லென்ஸின் கோளாறு இல்லை. நேர்கோட்டை நேராகவே காட்டும் எந்த வைட் (அகலக் கோண) லென்ஸிலும் ஓரத்துப் பொருள்கள் இழுபடத்தான் செய்யும். கோணம் கூடக்கூட இழுவையும் கூடும். ஃபுல் ஃப்ரேமில் (36×24 மி.மீ. சென்சார் உள்ள கேமராவில்) 14 மி.மீ. பக்கவாட்டில் சுமார் 104 டிகிரி பார்க்கிறது, 24 மி.மீ. சுமார் 74 டிகிரிதான். அதனால் ‘அறை முழுக்க வருதா’ என்று பார்ப்பதை விட்டுவிட்டு, ஓரத்தில் வட்டமான பொருள் எது இருக்கிறது, அது வட்டமாகவே தெரிகிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். பழைய படங்களைப் புரட்டினால், வாடிக்கையாளர்களுக்குப் பிடித்தவை பெரும்பாலும் 20க்கும் 28க்கும் நடுவில் எடுத்தவையாகவே இருந்தன.

அப்புறம் வாங்கியதுதான் கேனன் டிஎஸ்-ஈ 24 மி.மீ. எஃப்/3.5எல் என்ற ஷிஃப்ட் லென்ஸ், 2009இல் வந்த இரண்டாம் பதிப்பு. இன்றுவரை என் வேலையில் முக்கால்வாசி இதில்தான் நடக்கிறது. கேமராவைக் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வைத்தாலே சுவர்கள் மேலே போகப்போக ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்துவிடும். ஷிஃப்ட் லென்ஸில் கேமராவை ரசமட்டம் பார்த்து நிறுத்திவிட்டு லென்ஸை மட்டும் மேலேயோ கீழேயோ நகர்த்தலாம், 12 மி.மீ. வரை. சென்சாரின் உயரமே 24 மி.மீ.தான் என்பதால் இது பாதிப் படத்துக்குச் சமம். கதவு நிலை, ஜன்னல் சட்டம் எல்லாம் தூக்குக்குண்டு போட்டதுபோல் நிற்கும். சாஃப்ட்வேரில் நிமிர்த்தலாமே என்றால், லேசான சாய்வுக்குத் தாராளமாகப் போதும். அதிகமாக இழுத்தால் மேல்பகுதியின் கூர்மை போகும், ஓரங்களை வெட்ட வேண்டிவரும், திட்டமிட்டு வைத்த ஃப்ரேமே மாறிவிடும்.

ஆனால் இந்த லென்ஸ் என்னைக் கட்டிப்போட்டது ஒரு குளியலறையில். சுவரை அடைத்து ஒரு பெரிய கண்ணாடி, நேரெதிரே நின்றால் நானும் ட்ரைபாடும் அதில் தெரிகிறோம், கோணலாக நின்றால் டைல்ஸ் வரிசை சாய்கிறது. லென்ஸை 90 டிகிரி திருப்பி, கேமராவைக் கண்ணாடியின் இடது விளிம்பைத் தாண்டி வைத்து, சுவருக்கு இணையாகவே நிறுத்தி, லென்ஸை வலப்புறம் நகர்த்தினேன். கண்ணாடி படத்தின் நடுவுக்கு வந்துவிட்டது, நான் அதில் இல்லை! 2 மீட்டர் தள்ளி நின்றால் இப்படி 1 மீட்டர் வரை பக்கவாட்டில் விலகலாம்.

இடம் பத்தாதபோது இடப்பக்கம் 12, வலப்பக்கம் 12 என்று நகர்த்தி இரண்டு படம் எடுத்து ஒட்டினால் கிட்டத்தட்ட 14 மி.மீ. லென்ஸின் அகலம் கிடைத்துவிடும், ஓரத்து இழுவையும் கூடவே வரும். பக்கத்தில் நாற்காலி ஏதாவது இருந்தால் ஒட்டுமிடம் பிசகும், ஏனென்றால் லென்ஸ் நகரும்போது அது பார்க்கும் இடமும் மாறுகிறது. கேமராவை எதிர்ப்பக்கம் அதே அளவு தள்ளினால் சரியாகிவிடும்.

சிரமங்களும் உண்டு. ஆட்டோஃபோகஸ் கிடையாது, திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். டிஎஸ்எல்ஆரில் ஷிஃப்ட் செய்த பிறகு ஒளியளவு தப்பாகக் காட்டும், எக்ஸ்போஷரை முதலிலேயே வைத்துவிடுங்கள். 12 வரை நகர்த்தினால் மூலைகள் கொஞ்சம் மங்கும். லென்ஸ் துளையை எஃப்/8க்குச் சுருக்கி, நகர்த்துவதில் 8 மி.மீ.க்குள் நிற்பது என் வழக்கம். லென்ஸைச் சாய்க்கும் டில்ட் வசதியை நான் தொடுவதே அபூர்வம். ஒருமுறை அதைப் பூட்ட மறந்து, அரை நாள் எடுத்த படங்களில் ஒரு பக்கம் மட்டும் மங்கலாக வந்து, மறுபடி போய் எடுத்தேன்.

இதே வகையில் 17 மி.மீ. லென்ஸான டிஎஸ்-ஈ 17ஐயும் இரண்டு வருடம் வைத்திருக்கிறேன். உயரமான கூடம், மாடிப்படிச் சுழல் என்றால் அதற்கு ஈடில்லை. முன்கண்ணாடி புடைத்திருப்பதால் வழக்கமான ஃபில்டர் மாட்ட முடியாது, ஜன்னல் வெளிச்சம் நேராக விழாமல் கையால் மறைத்துக்கொண்டே எடுக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர் முதலிலேயே இதை வாங்க வேண்டாம். ஒரு 16-35 எஃப்/4 ஜூமும், உறுதியான ட்ரைபாடும், கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நிறுத்த கியர் வைத்த ஹெட்டும் போதும். ஷிஃப்ட் லென்ஸை வாடகைக்கு எடுத்து ஒரு முழு வேலை முடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அந்தப் பழைய 14 ஜூம் இன்னும் பையில் இருக்கிறது. வாசலுக்கு வெளியே போய் நின்றும் இடம் போதாத அறைகளுக்கு மட்டும் எடுக்கிறேன், அதிலும் 18க்குக் கீழே திருப்புவதில்லை.