பச்சைக் கட்டங்களோடு இரண்டு வருடம்: லீ பஜார் கணக்கிலிருந்து கோடிங் வரை

சேலம் லீ பஜாரில் ஒரு மளிகை மண்டியில் ஐந்து வருடம் கணக்கு எழுதினேன். படித்தது பி.காம். வேலையை விடாமலே புரோகிராமிங் கற்று, கடந்த ஏழு மாதமாக ஒரு சிறிய நிறுவனத்தில் டெவலப்பராக இருக்கிறேன். நடுவில் கழிந்த இரண்டு வருடமும் தினமும் என் கை தொட்டவை மூன்று: ஃப்ரீகோட்கேம்ப் என்ற இணையதளத்தின் பாடங்கள், எழுதிய நிரலை (புரோகிராமை) ஏற்றிச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு கணக்கு, ஒரு லாங் சைஸ் நோட்டு. ஒரு வாரம் பயன்படுத்திவிட்டு எழுதும் குறிப்புகள் நிறையக் கிடைக்கின்றன. இரண்டு வருடம் ஆன பிறகு எதெல்லாம் நிலைத்தது, எதெல்லாம் உதிர்ந்தது என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு ஆறு மாதமாவது மிஞ்சியிருக்கும். அதற்காகத்தான் இது.

தொடக்கத்தில் ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டினேன். வேலை உறுதி என்றார்கள். மூன்று மாதத்தில் மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள். விட்டுவிட்டேன். அந்தப் பணத்தைப் பற்றி அம்மா இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் வீட்டில் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை வைக்கும் வேலை செய்கிறவர். எத்தனை கொலுசுக்குச் சமம் அந்தத் தொகை என்பது எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் ஃப்ரீகோட்கேம்ப். 2014இல் குவின்சி லார்சன் தொடங்கியது. முழுக்க இலவசம், சான்றிதழும் சேர்த்து. மண்டியில் இரவு எட்டு மணிவரை இருப்பேன் என்பதால் மாலைப் படிப்பு சரிப்படவில்லை. மூட்டை இறக்கும் சத்தம் வீட்டுக்கு வந்த பிறகும் காதிலேயே இருக்கும். காலை 4.45 முதல் 6.45 வரை என்று வைத்துக்கொண்டேன். இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடைவெளி விடும் பொமொடோரோ முறையையும் முயன்றேன்; புரிய ஆரம்பிக்கும் நேரத்தில் மணி அடித்தது. ஒரு மாதத்தில் அதை விட்டேன்.

பாடங்களைப் பற்றி ஒன்றே ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். நான் படித்தபோது, ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழிக்கான சான்றிதழுக்குரிய ஐந்து செயல்திட்டங்களில் ஒன்று கல்லாப்பெட்டி. பொருளின் விலை, வாங்குபவர் தந்த பணம், கல்லாவில் இருக்கும் நோட்டும் சில்லறையும் தரப்படும். மீதியைச் சரியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எனக்கு இது தினசரி வேலை. ஒரு மணி நேரத்தில் எழுதிவிட்டேன். ஆனால் ஒரு சோதனையில் 3.26 டாலர் பொருளுக்கு 100 டாலர் தந்தால் 96.74 திரும்ப வர வேண்டும். என் நிரல் ஒரு சென்ட் குறைவாகக் கொடுத்தது. நான்கு நாள் தலையை உடைத்துக்கொண்டேன். வரிக்கு வரி சரி. கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது.

ஐந்தாம் நாள் மண்டியில் எங்கள் கணக்குப்பிள்ளை ஐயாவிடம் சும்மா புலம்பினேன். எழுபதைத் தாண்டியவர், கம்ப்யூட்டர் தொட்டதில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, பேரேட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "புள்ளிய எடுத்துடு தம்பி. எல்லாத்தையும் பைசாவாக்கிக் கூட்டு, கழி. கடைசில ரூபாயாக்கிக்கலாம்."

அதுதான் விடை. கணினி எண்களை இரண்டின் அடிமானத்தில் வைக்கிறது, 0.1 என்ற எண்ணை அதனால் துல்லியமாக வைக்க முடியாது. ஜாவாஸ்கிரிப்டில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். என் நிரலில் மிஞ்ச வேண்டிய 0.04, ஒரு துளி குறைந்து நின்றது. அதனால் நாலாவது சென்ட் வரவில்லை. எல்லாவற்றையும் சென்ட்டாக மாற்றி முழு எண்ணில் கழித்தேன், சோதனை தேறியது. காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் வழி காட்டியது ஐயாதான். இவ்வளவுக்கும் அந்த நான்கு நாளும் அவர் எனக்கு ஆறடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

அப்போதே அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை. என் கவனம் முழுக்கப் பச்சைக் கட்டங்களில் இருந்தது.

தெரியாதவர்களுக்கு: கிட்ஹப்பில் நம் பக்கத்தில் ஒரு வருடத்தின் எல்லா நாளும் சிறு சிறு கட்டமாக வரிசையில் நிற்கும். அன்று ஏதாவது பங்களித்திருந்தால் கட்டம் பச்சையாகும். நிறைய என்றால் அடர்பச்சை. இதில் நடைமுறை விவரங்கள் இரண்டு. உங்கள் கணினியில் கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்யும் மென்பொருள்) அமைப்பில் கொடுத்த மின்னஞ்சலும் கிட்ஹப் கணக்கில் உள்ள மின்னஞ்சலும் ஒன்றாக இருந்தால்தான் கட்டம் நிறம் மாறும். நான் ஓர் எழுத்தைப் பிழையாகத் தட்டி ஒரு வாரம் வெள்ளைக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று, தனிக் கிளையில், அதாவது பிரதான நிரலைத் தொடாமல் தனியே வைத்து எழுதும் பிரதியில், செய்த வேலை பிரதான கிளையில் சேரும் வரை கணக்கில் வராது.

கட்டங்கள் எனக்கு நல்லதும் செய்தன, அதை மறைக்க மாட்டேன். முதல் நான்கு மாதம் விடிகாலையில் என்னை எழுப்பியது அவைதான். தொடர்ச்சியாக 141 நாள் வந்தது. 141ஆவது நாள் ஆடிப் பண்டிகை. எங்கள் வீடு சேலத்தில் குகை என்ற பகுதியில். குகை வண்டி வேடிக்கை அன்று தெருவில் நிற்க இடம் இருக்காது. சாமி வேஷம் கட்டியவர்கள் அலங்கார வண்டிகளில் வர, கூட்டம் அலைமோதும். வீடு நிறைய ஒரம்பரை. இரவு பதினொன்றரை மணி. நான் உள் அறையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு குறிப்புக் கோப்பில் ஒரே ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்த்து, கிட்ஹப்புக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து அத்தை கூப்பிட்டார், "வாடா, வண்டி வந்துருச்சு." நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வண்டி திருப்பத்தைத் தாண்டிவிட்டது. பின்னால் எரிந்த விளக்குகள் மட்டும் தெரிந்தன.

அன்றைய கட்டம் பச்சைதான். நான் கற்றது ஒன்றுமில்லை. மறுநாள் காலை வேண்டுமென்றே லேப்டாப்பைத் திறக்கவில்லை. தொடர்ச்சியைக் காட்டும் எண்ணைக் கிட்ஹப் 2016லேயே பக்கத்திலிருந்து எடுத்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த எண்ணை நானே விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நோட்டை மாற்றினேன். முன்பெல்லாம் எத்தனை மணி நேரம் என்று எழுதுவேன். இப்போது பக்கத்தில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம், இன்று எங்கே மாட்டினேன். வலப்பக்கம், யாரைக் கேட்கலாம். முதல் இரண்டு வாரம் வலப்பக்கம் முழுக்க வெற்றாகவே இருந்தது. அதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. லிங்க்ட்இன்னில் முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு இணைப்பு அனுப்பியிருந்தேன். ஒருவருக்கும் ஒரு வரி எழுதியதில்லை. அவர்கள் என்னவென்று பதில் சொல்வார்கள்? கேள்வியே இல்லையே.

வலப்பக்கம் நிரம்பத் தொடங்கியது கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கூடும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவின் ஞாயிறு மாலைச் சந்திப்பில். இணைய வழியில் நடக்கும், தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. எட்டு வாரம் மைக்கை அணைத்துவைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்பதாவது வாரம் ஒரு சந்தேகம் இருந்தது, அதனால் பேசினேன்.

சந்தேகம் இதுதான். மண்டிக்காக ஒரு சிறு ரசீது நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். சரக்குப் பெயருக்குப் பத்து எழுத்து இடம் வைத்தேன். கடலைப்பருப்பு என்பதில் எட்டு எழுத்துத்தானே? ஆனால் ரசீதில் 'கடலைப்பருப' என்று வெட்டி அச்சானது. மிளகு என்ற மூன்று எழுத்தை ஐந்து என்று எண்ணியது. ஒரு அண்ணா பொறுமையாக விளக்கினார்: கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் மெய்யின் புள்ளிக்கும் கொம்பு, கால் போன்ற உயிர்க்குறிகளுக்கும் தனித்தனி இடம், நாம் ஒரே எழுத்தாகப் பார்ப்பதை நிரல் இரண்டாகப் பார்க்கிறது. எழுத்து எழுத்தாகப் பிரிக்க ஜாவாஸ்கிரிப்டிலேயே இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற வசதி இருக்கிறது என்றார். அன்று இரவே சரியாகிவிட்டது. அதைவிட, "இத அப்படியே தமிழ்ல எழுதி வைங்க, அடுத்தவங்களுக்கு ஆகும்" என்றார் பாருங்கள், அந்த ஒரு வார்த்தை. எழுதினேன். இரண்டு பக்கம். மூன்று மாதம் கழித்து அதைப் படித்த ஒருவர், தங்கள் பில்லிங் மென்பொருளில் இதே சிக்கல் இருக்கிறது, வந்து பேச முடியுமா என்று கேட்டார். அங்கேதான் இப்போது வேலை பார்க்கிறேன்.

அந்தச் சந்திப்பில் பழக்கமான ஓமலூர்த் தம்பி ஒருவர் உண்டு. மாதம் இரண்டு ஞாயிறு காலை அவர் சேலம் வருவார். ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் வாய்விட்டு வாசித்து விளக்க வேண்டும், அதுதான் விதி. எங்கே தடுக்கிறதோ அங்கே பிழை இருக்கும். முடிந்ததும் ஆளுக்கொரு தட்டுவடை செட். இந்த ஏற்பாட்டுக்குச் செலவு இவ்வளவுதான், நான் செய்ததிலேயே அதிகம் பலன் தந்ததும் இதுதான்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரையில் உட்கார்ந்து படித்ததில் முதல் வருட முடிவில் கழுத்து பிடித்துக்கொண்டது. ஒரு மேசை வாங்குங்கள், பழையது போதும். தூக்கத்தில் கை வைக்காதீர்கள். நான் பத்து மணிக்குப் படுக்கத் தொடங்கிய பிறகுதான் விடிகாலைப் படிப்பு தலையில் ஏறியது.

கட்டங்கள் இப்போது திட்டுத்திட்டாக இருக்கின்றன. வாரத்தில் நான்கு நாள் பச்சை, மூன்று நாள் வெள்ளை. நோட்டு மட்டும் விடாமல் ஓடுகிறது, பதினொன்றாவது நோட்டு.

போன சனிக்கிழமை மண்டிக்குப் போயிருந்தேன். ரசீது நிரல் இன்னும் அங்கே ஓடுகிறது. கணக்குப்பிள்ளை ஐயா ஒரு ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூட்டக்கூலி சரக்கு வெலையோட சேந்து வருது தம்பி. அது தனி வரியா வரணும். கேக்கறவனுக்கு நாம பதில் சொல்லணுமில்ல?" என்றார். வீட்டுக்கு வந்து இடப்பக்கத்தில் 'மூட்டைக்கூலி, தனி வரி' என்று எழுதினேன். வலப்பக்கத்தில் ஐயா. நாளைக் காலை 4.45க்கு அதுதான் வேலை.