பதினோரு ஆண்டுகள், நான்கு பவுடர்கள்: .38 தோட்டா நிரப்பிய அனுபவம்

ஒஹாயோவில் வீட்டு கராஜின் ஒரு மூலையில் கைத்துப்பாக்கித் தோட்டாக்களை நானே நிரப்பத் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன; பித்தளை உறையில் வெடிமருந்தை, அதாவது பவுடரை, அளந்து கொட்டிக் குண்டைப் பொருத்தும் வேலை. சுடுகளத்தில் காகித இலக்குகளைச் சுடுவதற்காகத்தான், முக்கால்வாசி .38 ஸ்பெஷல் வகைத் தோட்டா, மீதி 9 மி.மீ. புதியவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் பவுடர் நல்லது?" அளவு தவறினால் கண்ணுக்குத் தெரிகிற பவுடர் நல்லது என்பேன். இந்தப் பதிலுக்கு வந்துசேர எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. ஒருமுறை கைநடுங்கவும் வேண்டியிருந்தது.

தொடக்கத்தில் டைட்குரூப் என்ற பவுடரை வாங்கினேன். சிக்கனமானது என்று அதற்குப் பெயர், பொய்யில்லை. குட்டிக் குட்டி மணிகள். அளவுக்கருவியில் தண்ணீர்போல் இறங்கும், தராசில் எடை பிசகாது. ஆனால் .38 ஸ்பெஷல் கருமருந்துக் காலத்து வடிவம். கருமருந்தை உறை நிறையக் கொட்ட வேண்டும் என்பதால் உறையும் நீளம். இன்றைய புகையற்ற மருந்து அதன் அடியில் ஒட்டிக்கிடக்கும். டைட்குரூப்பைத் தவறி இரண்டு முறை கொட்டினாலும் உறை பாதிகூட நிரம்பாது. குண்டைப் பொருத்தி மூடிவிட்டால் வெளியிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. .38 ஸ்பெஷலுக்கு வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, 9 மி.மீ.க்கு 35,000. இருமடங்கு மருந்து விழுந்தால் அழுத்தம் இருமடங்கோடு நிற்காது. ரிவால்வரின் சுழலறையே பிளந்துபோகலாம்.

ஒரு நாள் இரவு எட்டரை மணிக்கு நிரப்பிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து அம்மா அழைத்தார். அவருக்கு அது காலைக் காபி நேரம். பேசி முடித்து வந்து, எந்த உறையில் விட்டேன் என்ற நினைவில்லாமல் மருந்து கொட்டும் அளவுக்கருவியின் கைப்பிடியை இழுத்தேன். ஐம்பதும் முடிந்தபிறகுதான் உறுத்தியது. முழுத் தோட்டாவை எடைபோட்டால் தெரிந்துவிடாதா என்று கேட்பார்கள். பித்தளை உறைகளும் குண்டுகளுமே ஒன்றுக்கொன்று சில கிரெய்ன் (தோட்டாக்காரர்களின் சிற்றெடை அலகு) வேறுபடும். மருந்தின் எடை அதற்குள் காணாமல்போய்விடும். பேசாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு கழற்றும் சுத்தியலை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டிக் குண்டுகளைப் பிரித்தேன். முப்பத்தொன்றாவது தோட்டாவில் இருமடங்கு மருந்து இருந்தது.

மறுவாரமே யூனிக் என்ற பவுடருக்கு மாறினேன். நூறு வயது கடந்த பவுடர். சப்பட்டைச் செதில்கள், எடைக்கு மீறி இடத்தை அடைக்கும். 9 மி.மீ. உறையில் இருமுறை விழுந்தால் வழிந்து மேசையில் கொட்டும். .38இல் வழியாது, ஆனால் ஐம்பது உறைகளையும் பலகையில் நிறுத்தி டார்ச் அடித்தால், ஒன்று மட்டும் மேடேறி நிற்பது பளிச்சென்று தெரியும். குறைகளும் உண்டு. செதில்கள் அளவுக்கருவியில் சிக்கி எடை சற்று முன்பின்னாகும். சுட்டபின் கரி அப்பும். துடைத்துத் துடைத்து அலுத்துப்போகும். செலவைப் பற்றிச் சொல்வதென்றால், ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். நான் ஒரு பவுண்டு வாங்கியது 35 டாலருக்கு. ஆகக் கிரெய்ன் அரை சென்ட். யூனிக் தோட்டாவுக்கு ஒரு கிரெய்ன் கூடுதலாகப் பிடிக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரை சென்டை மிச்சம்பிடிக்கத்தான் நான்கு ஆண்டுகள் விரல்களைப் பணயம் வைத்திருந்தேன்.

டிரெயில் பாஸ் என்ற பவுடர் இதிலும் ஒரு படி மேல். சுண்டைக்காய் அளவுகூட வராத மெதுவடைபோல, நடுவில் ஓட்டை உள்ள வளையங்கள். இருமடங்கு போட்டால் .38 உறையே வழியும். மெதுவான குண்டுகளுக்கு மட்டும்தான் அது. அழுத்தி அடைக்கவும் கூடாது. என்ன பயன், சில ஆண்டுகளாகக் கடையில் கண்ணிலேயே படவில்லை. 2020 பவுடர் தட்டுப்பாட்டின்போது கைகொடுத்தது ஹெச்பி-38. வின்செஸ்டர் 231 என்ற பெயரில் விற்பதும் இதே மருந்துதான். அதற்காகப் பெயர் ஒத்திருப்பதையெல்லாம் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. ரைபிளுக்கான ஐஎம்ஆர் 4350உம் ஹெச்4350உம் வேறு வேறு.

குறைத்துப் போட்டால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கையும் பலரிடம் இருக்கிறது. .357 மேக்னம் தோட்டாவுக்குப் போடும் ஹெச்110 பவுடரை 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதீர்கள் என்பது தயாரிப்பாளரின் எச்சரிக்கை. சரியாகப் பற்றாமல் குண்டு குழலிலேயே நின்றுவிடலாம். கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் புடைத்துவிடும். அளவு கேட்டு யார் வந்தாலும் நான் சொல்வதில்லை. அந்தப் பவுடருக்கும் அந்தக் குண்டுக்கும் உரிய கையேட்டைத்தான் காட்டுகிறேன்.

மேசையில் இப்போது ஒரே ஒரு டப்பா, யூனிக். வேலை முடிந்ததும் அளவுக்கருவியில் மீந்தது அதே டப்பாவுக்குத் திரும்பிவிடும். எட்டரை மணிக்கு அம்மா அழைத்தால் சமையலறையில் என் மனைவி எடுத்து, "அவர் கராஜில் இருக்கிறார், அத்தை" என்கிறாள்.