நடுக்கோடையில் ஊருக்குள் உயிரினம் பார்க்க: குளக்கரையா, பூங்காவா, வீட்டுத் தண்ணீர்த் தட்டா?

ஊரை விட்டு வெளியே போகாமலே கோடையில் பறவையும் பூச்சியும் பார்க்க மூன்று வழிகள் உண்டு: குளக்கரை, மரம் அடர்ந்த பூங்கா, வீட்டில் வைக்கும் தண்ணீர்த் தட்டு. ஒரே ஒரு காலைப்பொழுதுதான் கிடைக்கும் என்றால் யோசிக்காமல் குளக்கரைக்குப் போங்கள். வெயில் ஏறினால் பூங்கா அடங்கிவிடும், குளம் அடங்காது.

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. அலகைத் திறந்து, தொண்டையைப் படபடவென்று அடித்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. அதனால் வெயில் ஏறியதும் பெரும்பாலானவை நிழலில் ஒதுங்கி அசையாமல் உட்கார்ந்துவிடும். தட்டான்கள் நேர்மாறு. உடம்பு சூடேறினால்தான் அவற்றால் விறுவிறுப்பாகப் பறக்க முடியும். ஆகவே விடிந்ததும் முதல் இரண்டு மணி நேரம் பறவைகளைப் பாருங்கள், பிறகு தட்டான்களைப் பாருங்கள்.

குளக்கரையில் எங்கே உட்காருகிறோம் என்பதுதான் முக்கியம். காலையில் கிழக்குக் கரையில் இருந்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், நிறங்கள் துல்லியமாகத் தெரியும். எதிர்க்கரையில் இருந்தால் எல்லாமே கறுப்பு உருவங்கள்தான். ஆனால் சூரியன் பின்னால் இருந்தால் உங்கள் நிழல் முன்னால் விழும். சூரியன் 30 பாகை உயரத்தில் இருக்கும்போது நிற்கும் ஆளின் நிழல் ஏறக்குறைய 3 மீட்டர் நீளும். அது தண்ணீரில் ஓடினால் தவளை குதித்துவிடும், மீன் ஆழத்துக்குப் போய்விடும், மீன் போனால் அதற்காகக் காத்திருந்த கொக்கும் கிளம்பிவிடும். விளிம்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, தரையில் உட்காருங்கள், நிழல் பாதியாகும்.

சிமென்ட் சுவர் கட்டிய கரையை விட்டுவிட்டு, கோரையும் நாணலும் உள்ள பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி ஒன்றைக் கண்டுபிடியுங்கள். ஆண் தட்டான் அங்கிருந்து கிளம்பி, வந்த எதிரியை விரட்டிவிட்டு, பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பும். பின்னாலேயே ஓடினால் ஒன்றும் கிடைக்காது. குச்சியைப் பார்த்துக் காத்திருந்தால் இறக்கையின் நரம்புகூடத் தெரியும். உச்சிவெயிலில் சில இனங்கள் வாலைச் சூரியனை நோக்கிச் செங்குத்தாகத் தூக்கும். வெயில் படும் பரப்பைக் குறைக்கும் உபாயம் அது. நாணல் தண்டுகளையும் பாருங்கள்: முதுகு பிளந்த பழுப்புக் கூடு ஒன்று ஒட்டியிருக்கும், பிளவிலிருந்து மெல்லிய வெள்ளை இழைகள் தொங்கும். தண்ணீருக்குள் வளர்ந்த இளம் பூச்சி மேலேறி, தோலுரித்துத் தட்டானாகப் பறந்த இடம் அது. அந்த இழைகள் பழைய மூச்சுக்குழல்களின் உள்ளுறை. இந்தக் கூடு இருந்தால், தட்டான்கள் அந்தக் குளத்திலேயே பிறந்து வளர்கின்றன என்று உறுதியாகச் சொல்லலாம்.

தண்ணீர் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் திரண்டு கிடந்தால் மட்டும் குழந்தையையும் நாயையும் கிட்டே விடாதீர்கள். நீலப்பச்சைப் பாசி நஞ்சு சுரக்கக்கூடியது.

பூங்காவுக்குக் காலை நேரத்தைவிட அந்தி நேரமே நல்லது. கூடு கட்டும் பருவம் முடிந்த பல பறவைகள் பாடுவதைக் குறைத்துக்கொள்ளும், இலை அடர்த்தியில் கண்ணுக்கும் எளிதில் அகப்படாது. அதனால் பகலில் பூங்கா சுற்றியவர் வெறுங்கையோடு திரும்புவது சகஜம். பகலில் போயே ஆக வேண்டுமென்றால் வெட்டிய புல்தரையை விட்டு, சருகு குவிந்த மூலைக்குப் போங்கள். புழு பூச்சி அங்கேதான், அவற்றைத் தின்னும் பறவையும் அங்கேதான். சூரியன் மறைந்து முதல் அரை மணி நேரம் மர வரிசைக்கும் வெட்டவெளிக்கும் நடுவே நின்று வானத்தைப் பாருங்கள். பூச்சி தின்னும் வௌவால்கள் அந்த ஓரத்தை ஒட்டியே வளைந்து பறக்கும். இருட்டிய பிறகு விளக்குக் கம்பத்தடியில் அந்துப்பூச்சிகளைத் தேடலாம்.

தரையில் இறகு முளைத்த குஞ்சு தத்திக்கொண்டிருந்தால் தூக்கிப் போகாதீர்கள். பறக்கப் பழகும் குஞ்சு அது, தாய் பெரும்பாலும் பக்கத்திலேயே இரையோடு காத்திருக்கும். நீங்கள் நகர்ந்தால்தான் அது வரும்.

பைனாகுலர் வாங்குவோர் 10×42-க்கு ஆசைப்படுவதுண்டு (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்பக்க லென்ஸின் விட்டம், மி.மீ.-இல்). இரண்டு இடத்துக்கும் ஒன்றே போதும் என்றால் 8×42 எடுங்கள். 42-ஐ 8-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ.; 10×42-இல் அது 4.2 மட்டுமே, அந்தியில் வித்தியாசம் தெரியும். பகலில் மட்டும் போகிறவருக்கு எடை குறைந்த 8×32 தாராளம். எதை வாங்கினாலும் 2 மீட்டர் தூரத்தில் குவியுமா என்று கேளுங்கள். குவியாவிட்டால் தட்டானும் பட்டாம்பூச்சியும் மங்கலாகவே தெரியும். நடுப்பகலில் கானல் எழுந்தால் எந்தக் கருவியாலும் தூரத்துப் பறவை தெளியாது.

வெளியே போக முடியாத முதியவருக்கும் சிறு குழந்தைக்கும் தண்ணீர்த் தட்டுதான் சரி. வருகிற இனங்கள் குறைவாக இருக்கும், ஆனால் ஒரே பறவை குடிப்பதையும் குளிப்பதையும் நாள்தோறும் பார்க்கலாம். தட்டு 30 செ.மீ.க்குக் குறையாத அகலம், ஓரத்தில் 2 செ.மீ., நடுவில் 5 செ.மீ. ஆழம். வழவழப்பான தட்டில் கால் வழுக்கும் என்பதால் மண் தட்டே மேல். உலோகம் வெயிலில் கொதிக்கும். உள்ளே இரண்டு கல் போடுங்கள், தேனீக்கள் மூழ்காமல் குடிக்கும். நிழலில், புதரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள், இல்லையென்றால் பூனை பதுங்கியிருந்து பாயும். தினமும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து மாற்ற வேண்டும். வெயிலில் கொசுமுட்டை ஒரு வாரத்திலேயே கொசுவாகிவிடும், எச்சம் கலந்த தண்ணீரால் பறவைக்குப் பறவை நோய் பரவும்.

வைத்த அன்றே பறவை வராது. சில நாள் ஆகலாம். மேலே ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டு அடியில் ஊசியால் துளையிட்டால், சொட்டும் ஓசையும் தண்ணீரின் அசைவும் அவற்றைச் சீக்கிரம் அழைத்துவரும்.